முருங்கைக்கீரைத் தாளிப்பு

என் மகளைக் கட்டப்போகிறவர் என்ன வேலை பார்க்கிறார், குடிப்பாரா, சொந்த வீடு உண்டா, உசிலம்பட்டியில் அவருடைய அப்பாவுக்கு எத்தனை ஏக்கர் என்றெல்லாம் மூன்று மாதம் விசாரித்தோம். பால் குடிப்பாரா என்று விசாரிக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பூ வைக்க வந்த அன்றுதான் தெரிந்தது. நான் நீட்டிய காபியைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பிவிட்டு, "வேணாம் அத்தை, நான் வீகன்" என்றார். அது ஏதோ மேல்படிப்பு என்று நினைத்து என் கணவர் மரியாதையாகத் தலையாட்டினார். அவர்கள் போன பிறகு மகள் உட்கார்ந்து விளக்கினாள். கறி, மீன், முட்டை கிடையாது. சரி, சைவம், உலகத்தில் இல்லாததா? பால், தயிர், மோர், வெண்ணெய், நெய் கிடையாது. தேன்கூடக் கிடையாதாம். தேனீ என்ன பாவம் செய்தது என்று என் கணவர் கேட்டார். அது பாவம் செய்யவில்லை, அதனால்தான் என்றாள் மகள்.

மதுரையில் சுத்த சைவம் என்றால் இலையில் நெய் இரண்டு கரண்டி கூடுதலாக விழும் என்றுதான் பொருள். கறியை விட்டவனுக்கு ஊர் கொடுக்கும் நஷ்ட ஈடு அது. நெய்யையும் விட்டவனை என்ன செய்வது என்று எங்களுக்குத் தெரியாது. உறவில் பாதிப்பேர் அவருக்கு வயிற்றில் கோளாறு என்று முடிவு கட்டினார்கள். மீதிப்பேர் மாலை போட்டிருக்கிறாரோ, எப்போது கழற்றுவார் என்று கேட்டார்கள். எல்லாம் விளக்கிச் சொன்ன பிறகும் ஒரு பெரியவர், "அப்ப மீன் மட்டும் சாப்பிடுவாருல்ல?" என்றார்.

எனக்கு ஆத்திரம் வேறு இடத்தில் இருந்தது. பசுமலையில் எங்கள் தெருவில் என்னை என் நெய்யை வைத்துத்தான் தெரியும். வாடிப்பட்டியிலிருந்து ஒரு அம்மா சனிக்கிழமைதோறும் வெண்ணெய் கொண்டுவருவார். அதை நான்தான் உருக்குவேன். சடசடப்பு அடங்கும் நேரத்தில் ஒரு கைப்பிடி முருங்கைக்கீரையைப் போட்டு, இலை மொறுமொறுவென்று ஆனதும் இறக்குவேன். இறக்கும்போது பக்கத்து வீட்டுக்காரர்கள் காரணமே இல்லாமல் சர்க்கரை கேட்டு வருவார்கள். இப்படிப்பட்ட நெய்யை வேண்டாம் என்கிற ஒருவரை என் மகள் தேடிப் பிடித்துக் கொண்டுவந்திருந்தாள். என் முகத்துக்கு நேரே என் சமையல் வேண்டாம் என்று சொன்ன மாதிரிதான் அது எனக்குப் பட்டது. சொன்னவர் மாப்பிள்ளை, திருப்பிப் பேசவும் முடியாது.

ஆவணியில் கல்யாணம் முடிந்து எங்கள் மாடியிலேயே குடிவந்தார்கள். மகள் கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். அவருக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை. இரவுச் சாப்பாடு மட்டும் கீழே, நால்வருக்கும் சேர்த்து என் கையால். அது நானே கேட்டு வாங்கிக்கொண்ட பொறுப்பு. என் வீட்டில் வயிறு நிறையாமல் யாரும் எழுந்ததில்லை. இந்த வீகனும் என் இலையில் வயிறார உண்டு எழ வேண்டும், அதை நான் பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

நான் நகருக்குள் ஓர் அலுவலகத்தில் கிளார்க். ஐந்தரைக்கு ஃபைலை மூடி, பஸ்ஸில் தொங்கி, வீட்டுக்குள் நுழையும்போது ஆறரை. பையை வைத்த கையோடு குக்கரை வைப்பேன். அந்த ஒரு மணி நேரத்தில் யாரும் என் அடுப்படிக்குள் கால் வைக்கக் கூடாது. ஆள் நின்றால் எனக்குக் கை ஓடாது. என் கணவர் தண்ணீர் குடிக்க வந்தால்கூட வாசலிலேயே நிறுத்தி டம்ளரை நீட்டிவிடுவேன். ரிட்டயர் ஆன மனிதர், வேண்டிய அளவு குடித்துவிட்டுப் போய் டிவி பார்க்கட்டும்.

மாப்பிள்ளைக்குச் சமைப்பது சிரமம் என்று எல்லோரும் அனுதாபப்பட்டார்கள். ஒரு சிரமமும் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. தட்டைப்பயறு குழம்பு, கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு, கீரை மசியல், கொள்ளுத் துவையல், கம்புத் தோசை. வாரத்தில் ஐந்து நாள் நாங்கள் சாப்பிடுவதே இதுதான். இதில் எந்த மாடும் இல்லை, ஆடும் இல்லை. நாங்கள் வேறு வழியில்லாமல் காலமெல்லாம் தின்றதற்கு இப்போது ஓர் இங்கிலீஷ் பெயர் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள் என்று அலுவலகத்தில் சொல்லிச் சிரிப்பேன்.

தயிர்தான் தகராறு. யூடியூபில் ஒரு பெண், கையில் மண்ணே படாத நகத்தோடு, நிலக்கடலையை அரைத்துப் பால் எடுத்து, அதில் பச்சை மிளகாயின் காம்புகளைப் போட்டு மூடிவைத்தால் தயிராக உறையும் என்றாள். காம்பாம். அதையும் ஒரு புதன்கிழமை செய்தேன். உறைந்தது உண்மைதான். சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பு மாதிரி உறைந்தது. என் கணவர் மோந்து பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார். மாப்பிள்ளை இரண்டு முறை போட்டுச் சாப்பிட்டு, "எனக்காக இம்புட்டு மெனக்கெட்டிருக்கீங்களே அத்தை" என்றார். அந்த நன்றியைக் கண்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இப்படிப்பட்ட நாக்குக்குக் கொள்கை ஒரு கேடா என்று நினைப்பேன்.

அதற்கெல்லாம் முன்பே, அவர் கீழே சாப்பிட வந்த முதல் நாளே, நான் ஒரு காரியம் செய்திருந்தேன். ரசத்துக்குத் தாளிக்க எண்ணெய்ச் சட்டியை வைத்தேன். கை எண்ணெய்க்குப் போகவில்லை, நெய்க்குப் போனது. பழக்கம் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் ஒரு கணம் கரண்டியைக் கையில் பிடித்துக்கொண்டு யோசித்தேன். யோசித்துவிட்டுத்தான் ஊற்றினேன். ஒரே ஒரு கரண்டி. தெரியவா போகிறது?

அவர் முதல் வாயிலேயே நிமிர்ந்தார். "இதுல என்ன வாசன அத்தை?"

"முருங்கைக்கீர போட்டுத் தாளிச்சேன் மாப்ள" என்றேன். பாதி உண்மை. கீரை நெய்க்குள் இருந்தது, நெய் ரசத்துக்குள் இருந்தது.

"இந்த மாதிரி ரசத்த நான் எங்கயும் குடிச்சதில்ல" என்று உள்ளங்கையைக் குவித்து இன்னொரு முறை வாங்கிக் குடித்தார். எனக்கு உள்ளுக்குள் அப்படி ஒரு குளிர்ச்சி. ஜெயித்துவிட்டேன். அன்றிலிருந்து தினமும் அந்த ஒரு கரண்டி. அவர் ருசித்துத் தலையாட்டும்போதெல்லாம் அவரைப் பற்றிய என் ஏளனம் ஒரு சுற்றுப் பெருத்தது. சாப்பாட்டில் என்ன இருக்கிறது என்றே தெரியாத ஆளுக்கு வீகனாம், விரதமாம். பெங்களூரில் படிக்கப் போன இடத்தில் போனைப் பார்த்துப் பிடித்துக்கொண்ட பைத்தியம், ஒரு வருடத்தில் தெளிந்துவிடும் என்று மகளிடமே சொன்னேன். அவளுக்கும் நெய் விஷயம் தெரியாது, பிறந்ததிலிருந்து அந்த வாசத்திலேயே வளர்ந்தவளுக்கு அது தனியாகத் தோன்றவில்லை. அவளும் அந்த ரசத்தைக் குடித்துவிட்டு, "உனக்கு அவரப் பத்தித் தெரியாதும்மா" என்றுதான் சொன்னாள்.

தலைத் தீபாவளி வந்தது. எங்கள் பக்கத்தில் தீபாவளி என்றால் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு இட்லியும் கறிக்குழம்பும்தான். கறிக்கடையில் விடியற்காலையிலேயே கூட்டம் நிற்கும். தலைத் தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளைக்கு நெஞ்சுக்கறி இல்லை, ஈரல் இல்லை, காபி இல்லை, என்ன விருந்து என்று கேட்டு என் நாத்தனார் முதல் நாளே வந்து இறங்கிவிட்டாள். என் கணவரின் அக்கா. ஊரில் எது நடந்தாலும் அது சரியாக நடக்கவில்லை என்று சொல்வதற்கென்றே பிறந்தவள். நான் மசாலாவை ஒன்றாக அரைத்து, ஒரு பங்கைக் கறிக்கும் ஒரு பங்கைச் சேனைக்கிழங்குக்கும் போட்டேன். சுழியம் எண்ணெயில் பொரித்தது. பாயசம் தேங்காய்ப்பாலில். முறுக்கு மாவில் வெண்ணெய் போடாமல் சூடான எண்ணெய் ஊற்றிப் பிசைந்தேன். இவ்வளவையும் நேர்மையாகச் செய்தேன். மத்தியான ரசத்தை மட்டும் எப்போதும் போல் தாளித்தேன். கை பழகிவிட்டிருந்தது.

மத்தியானம் கூடத்தில் வரிசையாக இலை போட்டோம். நாத்தனார் அவருக்கு எதிரே உட்கார்ந்து, அவர் இலையில் விழுவதையே எண்ணிக்கொண்டிருந்தாள். கடைசியில் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டாள்.

"எதுக்கு மாப்ள இம்புட்டு வைராக்கியம்? உசிலம்பட்டிக்காரக மாட்டோடயே பொழங்குறவுக. பாலக் குடிச்சா மாடு கோவிச்சுக்கிருமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். அவரும் சிரித்துவிட்டு, சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார்.

"எங்க வீட்ல ஒரு மாடு கன்னு போட்டுச்சு பெரியம்மா. கன்னு நாலாம் நாளே செத்துப்போச்சு. கன்னு பக்கத்துல இல்லாட்டி மாடு பால எறக்காதுல்ல. எங்கப்பா அந்தக் கன்னுத் தோல உரிச்சு, உள்ள வைக்கோலத் திணிச்சு, நாலு குச்சியக் காலாக் குடுத்து நிக்க வச்சாரு. கறக்கையில அத மாட்டு மூஞ்சிக்கு நேரா நான்தான் புடிச்சுக்கிட்டு நிக்கணும். மாடு நக்கும். நக்கிக்கிட்டே இருக்கும். எங்கப்பா கறந்துக்கிட்டே இருப்பாரு. அந்த வருசம் பூராம் புடிச்சேன்."

நாத்தனார் அவர் இலையிலிருந்து கண்ணை எடுத்துவிட்டாள்.

"அதுக்கப்பறம் குடிக்க முடியல. வேற ஒண்ணும் பெரிய கொள்கையில்ல பெரியம்மா. இதுக்கு வீகன்னு ஒரு பேரு இருக்குன்னே காலேஜுக்குப் போயித்தான் தெரியும்." அப்புறம், சபையை இறுக்கமாக்கிவிட்டோமே என்று நினைத்தாரோ என்னவோ, என் பக்கம் கையைக் காட்டினார். "சொன்னா எல்லாரும் சிரிப்பாக. அத்தைதான் ஒரு கேள்வி கேக்காம தெனமும் செஞ்சு தாராக. அந்த முருங்கைக்கீரத் தாளிப்ப நீங்க குடிச்சுப் பாருங்க, நெய்யெல்லாம் தோத்துப்போகும்."

நாத்தனார் கையை நீட்டினாள். நான் ரசம் ஊற்றினேன். முப்பது வருடமாக என் நெய்யைத் தின்றவள் அவள். ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒரு தூக்கு வாங்காமல் போனதில்லை. உறிஞ்சினாள். என்னைப் பார்த்தாள்.

"ஆமா மாப்ள" என்றாள் நிதானமாக. "உங்க அத்தையோட முருங்கைக்கீர வாசம் எங்களுக்கு நல்லாத் தெரியும்."

என்னைக் காப்பாற்றினாள் என்று யாரும் நினைக்க வேண்டாம். பின்னால் உதவும் என்று எடுத்து வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான். அதற்குள் மாப்பிள்ளையும் கையைக் குவித்து நீட்டியிருந்தார். அவர் கை எனக்கு முன்னால் இருக்கிறது, ரசச் சட்டி என் இடுப்பில் இருக்கிறது. கொட்டிவிட்டேன் என்று கீழே போட்டிருக்கலாம். தீர்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். நான் ஊற்றினேன். அவர் குடித்தார். உலகத்தில் யார் யாரையோ கேவலமாக நினைத்து ஐம்பது வயதைத் தாண்டியவள் நான். அன்றைக்கு அந்த இலைகளுக்கு நடுவே நின்றவளைப் போல் கேவலமான ஒருத்தியை நான் பார்த்ததில்லை.

இரண்டு நாள் விடுமுறை. இரண்டு நாளும் வாயைத் திறக்கவில்லை. ரசமும் வைக்கவில்லை. மூன்றாம் நாள் அலுவலகம் போய் வந்து, குக்கரை வைத்துவிட்டு, ரசம் கொதித்து வரும்போது கை தானாக நெய்த் தூக்குப் பக்கம் போனது. அப்படியே நின்றேன். மாப்பிள்ளை தட்டுகளை எடுத்துப்போக வழக்கம் போல் இறங்கி வந்து அடுப்படி வாசலில் நின்றார்.

"மாப்ள, ரசத்துல நெய் ஊத்துறேன்" என்றேன்.

"இன்னைக்கா அத்தை?"

"இன்னைக்கு இன்னும் ஊத்தல. மொத நாள்ல இருந்து ஊத்துனேன். தீபாவளி அன்னைக்கும் ஊத்துனேன்."

அவருக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. "அப்ப முருங்கைக்கீர?"

"அது நெய் உருக்கையில போடுறது."

கோபப்படுவார் என்று பதில்கள் தயாராக வைத்திருந்தேன். பெரியவள் நான், தெரியாமல் செய்துவிட்டேன், உடம்புக்கு நல்லதுதானே, என்று வரிசையாக அடுக்கியிருந்தேன். ஒன்றுக்கும் வேலை இல்லை. "சரி அத்தை" என்றார். எடுத்த தட்டுகளைத் திரும்ப அடுக்கி வைத்துவிட்டு மாடிக்குப் போனார். அன்றைக்குச் சாப்பிட இறங்கவில்லை.

மகள் வந்தாள். "அவரு கோவப்படலம்மா. இனிமே நானே பொங்கிக்கிறேன்னு மட்டும் சொன்னாரு. ஏம்மா இப்படிச் செஞ்ச?"

"ருசிக்குத்தான்டி."

"யாரு ருசிக்கு?" என்றாள். நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன்.

என் கணவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "நெய்தான? வெசத்தையா வச்ச?" என்றார். இரண்டு மாதமாக நான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த அதே சமாதானம். அவர் வாயிலிருந்து கேட்டபோதுதான் அது எவ்வளவு மட்டமான பேச்சு என்று உறைத்தது. பாவம் அந்த மனிதர், அன்றைக்கு என்னிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அதன் பிறகு தினமும் ஏழு மணிக்கு மாடியிலிருந்து கருகிய கடுகு நாற்றம் வரும். ஒரு நாள் பருப்பு அடிப்பிடித்த வாசனை. ஒரு நாள் மிளகாய் நெடி தெருவையே இரும வைத்தது. சமைக்கத் தெரியாது. ஆனாலும் இறங்கி வரவில்லை. நேரில் பார்த்தால் "நல்லாருக்கீங்களா அத்தை" என்பார், சிரிப்பார். அவ்வளவு மரியாதை எனக்கு ஆகவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி முடித்திருப்பேன்.

கார்த்திகை அன்று பொரி உருண்டை பிடித்தேன். எப்போதும் நெய் தொட்டுத்தான் உருட்டுவேன். அன்றைக்கு அரிசி மாவு தொட்டு உருட்டினேன். பாகு சூட்டில் உள்ளங்கை சிவந்துவிட்டது. ஒரு தட்டில் வைத்து மகளிடம் கொடுத்து, "இதுல நெய் இல்லன்னு சொல்லு" என்றேன். விளக்கு வைத்து முடித்த நேரம் தட்டு திரும்பி வந்தது. வைத்த உருண்டை வைத்தபடி இருந்தது.

வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. ஒரு பெரிய மனுஷி சொல்கிறேன், நெய் இல்லை என்று, நம்பமாட்டாராமா? தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நடுவீட்டில் நின்று பொரிந்து தள்ளினேன். பாதியிலேயே நின்றுவிட்டது. நெய் இல்லை என்று சொல்வது யார்? முருங்கைக்கீரை என்று சொன்னவள்தானே. ஒரு தட்டு உருண்டையில் நெய் இல்லை என்று நிரூபிக்க இந்த உலகத்தில் என்னிடம் இருந்தது என் வாய் ஒன்றுதான், அதைத்தான் இரண்டு மாதமாக ரசத்தில் கரைத்து ஊற்றியிருந்தேன்.

மாடி ஏறினேன். குடிவந்த நாளிலிருந்து அவர்கள் வீட்டுக்கு நான் போனதே இல்லை. கதவைத் திறந்தவரிடம், மூச்சு வாங்க, "மாப்ள, நாளைக்குக் கீழ வாங்க. நான் சமைக்கிறப்ப அடுப்படிக்குள்ள நின்னு பாருங்க. எல்லாத்தையும் பாருங்க. பாத்துட்டு, சாப்பிடணும்னு இருந்தாச் சாப்பிடுங்க" என்றேன். அவர் யோசித்தார். உடனே வாரேன் என்று சொல்லிவிடுவார் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

"பாக்குறேன் அத்தை" என்றார்.

மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாள் ஆறே முக்காலுக்கு வந்தார். ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எனக்குக் கை ஓடவில்லை. உப்பை இரண்டு முறை போட்டேன். புளி கரைத்தது சட்டைமேல் தெறித்தது, அவர் துடைத்துக்கொண்டார். தாளிக்கும்போது நல்லெண்ணெய்ப் பாட்டிலைத் தூக்கி அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். கரண்டியில் ஊற்றி அதையும் காட்டினேன். கடுகு வெடித்தது. உப்புக் கரித்த அந்த ரசத்தை அன்றைக்கு அவர் சோற்றில் பிசைந்து சாப்பிட்டார். ருசியாக இருக்கிறது என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பொய்தான்.

இப்போது ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. நெய் உருக்குவதை நான் விடவில்லை, என் கணவருக்கு அது இல்லாமல் இறங்காது. தூக்கு மட்டும் பூஜை அலமாரிக்குப் போய்விட்டது. அலுவலகத்தில் யாராவது வீகன் என்று சிரித்தால் இப்போதும் கூடச் சேர்ந்து சிரிக்கத்தான் செய்கிறேன், வாய் சும்மா இருப்பதில்லை. ஆனால் ஆறே முக்காலுக்கு அவர் இறங்கி வந்துவிடுகிறார். வெங்காயம் உரித்துக் கொடுப்பார், அலுவலகத்தில் என்ன சண்டை என்று கேட்பார், கடுகு எப்போது வெடித்து அடங்கும் என்றுகூடக் கற்றுக்கொண்டுவிட்டார். தாளிக்கும் நேரம் வந்ததும் பேச்சு தானாக நிற்கும். நான் எண்ணெய்க் கரண்டியை அவர் பக்கம் ஒருமுறை திருப்பிக் காட்டிவிட்டுத்தான் சட்டியில் ஊற்றுகிறேன். காட்டுங்கள் என்று அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. போதும், காட்ட வேண்டாம் என்றும் இன்றுவரை சொல்லவில்லை.